மாத்திரையை நிறுத்தினால் அழற்சி நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஆஸ்துமா உள்ள வாசகர் ஒருவரின் கேள்வியையும் அதற்குத் தரப்பட்ட பதிலையும் படித்தேன். தலைவலிக்கு ஆஸ்பிரின் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறல் வந்துவிட்டதாகவும், மூக்கடைப்பு தமக்குப் பல ஆண்டுகளாகவே உண்டு என்றும் அவர் எழுதியிருந்தார். ‘உங்களுக்கு ஆஸ்பிரின் அலர்ஜி இருக்கிறது. அந்த மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள், கவலை வேண்டாம்’ என்று பதில் வந்திருந்தது. தவிர்க்கச் சொன்னது சரி. மற்றவற்றில் எனக்கு உடன்பாடில்லை. இது வழக்கமான அலர்ஜி அல்ல. மாத்திரையைத் தவிர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுவதும் இல்லை. மூக்கடைப்பைப் பற்றியோ பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

நான் மருத்துவர் இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆஸ்துமா, மூக்கினுள் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்த இந்த நோயைச் சாம்ட்டர் முக்கூட்டு நோய் என்பார்கள். இதே நோய் எனக்கும் இருக்கிறது. மூச்சுக்குழலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளாமல் ‘அலர்ஜி’ என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டால் நோயாளிக்கு என்ன இழப்பு என்பதை உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்த நோய் மாத்திரையில் தொடங்குவதில்லை. பெரும்பாலானோருக்கு இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில் சளி பிடித்தாற்போலத் தொடங்குகிறது. அந்தச் சளி போவதே இல்லை. மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கும், மணம் தெரிவது மெல்லக் குறையும். பிறகு மூக்கினுள்ளும் முக எலும்புக் குழிவுகளிலும் சதை வளரும். ஆஸ்துமா அதை ஒட்டியோ சில ஆண்டுகள் கழித்தோ வந்து சேரும். வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவது பலருக்கு இந்த வரிசையில் கடைசிப் படி. அதுவரை அதே மாத்திரையை எத்தனையோ முறை விழுங்கி எதுவும் ஆகாமல் இருந்திருப்பார்கள். ‘போன வருடம்கூடப் போட்டேனே, ஒன்றும் செய்யவில்லையே’ என்று நோயாளி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூச்சுக்குழல் போன வருடம் இருந்ததுபோல் இப்போது இல்லை.

எனக்கும் அப்படித்தான். பள்ளி ஆய்வகத்தில் கிப் உபகரணத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரித்துக்கொண்டிருந்தோம். அழுகிய முட்டை நாற்றம் என்று பாடப்புத்தகமே சொல்கிற வாயு அது. மாணவிகள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாயு அளவுக்கு மீறினால் முகரும் நரம்பையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் தெரியாமல் போவதே ஆபத்தின் அடையாளம் என்று நானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தாள். அன்று வாயு அளவோடுதான் இருந்தது. கெட்டிருந்தது என் மூக்கு.

காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கிறது என்றார். சில நாள்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தந்தார். அந்த வாரத்தில் எனக்குச் சோப்பின் மணம் திரும்பி வந்தது. மாத்திரை முடிந்தது, மணமும் போய்விட்டது. நரம்பு செத்திருந்தால் மணம் வந்திருக்காது. வீங்கிய திசு வழியை மறித்துக்கொண்டிருந்தது, ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை வற்றச் செய்தது, நிறுத்தியதும் வீக்கம் திரும்பியது. இந்த நோயில் அழற்சி, அதாவது திசு சிவந்து வீங்குவது, எப்போதும் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் எந்த ஆய்வகத்திலும் செய்து காட்டியதில்லை. அப்போது எனக்கு இளைப்பும் தொடங்கிவிட்டது. ஆனால் ஆஸ்பிரினோடு எந்தப் பகையும் வந்திருக்கவில்லை.

பகை பிறகு வந்தது, அதுவும் ஆஸ்பிரினால் அல்ல. பல் பிடுங்கிய பிறகு வலிக்கு இபுப்ரோஃபென் எழுதிக் கொடுத்தார்கள். விழுங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மூக்கிலிருந்து நீராகக் கொட்டியது, கண் சிவந்தது, முகமும் கழுத்தும் சூடேறின. அடுத்து மார்பு இறுகியது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜனும் நெபுலைசரும் வைத்தபடியே பணி மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, ‘அம்மா, மூக்கில் சதை வளர்ச்சி இருக்கிறதா?’ என்பதுதான். மார்பைப் பிடித்துக்கொண்டு வந்தவளிடம் மூக்கைப் பற்றிக் கேட்கத் தோன்றிய அந்த இளம் மருத்துவரை இன்றும் மெச்சுகிறேன். இரண்டும் ஒரே பாதை, ஒரே சவ்வு, ஒரே அழற்சி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதை ஏன் வழக்கமான அலர்ஜி என்று சொல்லக்கூடாது? அலர்ஜியில் உடல் ஒரு குறிப்பிட்ட பொருளின் வடிவத்தை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையிலோ இரத்தச் சோதனையிலோ பல நேரங்களில் அது தெரியவரும். இந்த நோயில் அப்படிப்பட்ட எதிர்ப்பொருள் காரணம் இல்லை. ஆகவே தோல் சோதனையில் ஒன்றும் தெரியாது. ‘சோதனையில் ஒன்றுமில்லை, தைரியமாகப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அந்தத் தைரியம் ஆபத்தானது. இன்னொன்று, ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் இண்டோமெத்தசினும் மூலக்கூறு அமைப்பில் வெவ்வேறானவை. கரும்பலகையில் வரைந்து காட்டினால் எந்த மாணவியும் இவை ஒரே குடும்பம் என்று சொல்லமாட்டாள். ஆனாலும் இந்த நோயாளிக்கு நான்கும் ஒரே தீங்கைச் செய்கின்றன. அமைப்பில் ஒற்றுமை இல்லாதபோது செயலில்தான் ஒற்றுமையைத் தேட வேண்டும். அந்தச் செயல், ஒரு நொதியை முடக்குவது.

செல்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. 20 கார்பன் அணுக்கள், 4 இரட்டைப் பிணைப்புகள். செல் தூண்டப்படும்போது அது சவ்விலிருந்து பிரிந்து வருகிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் கையில் சிக்கினால் புரோஸ்டகிளாண்டின்களாகிறது, 5-லைப்பாக்சிஜனேஸ் நொதியின் கையில் சிக்கினால் லூக்கோட்ரையீன்களாகிறது. லூக்கோட்ரையீன்களில் ஒரு வகை மூச்சுக்குழல் தசையை, அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினைவிடப் பல மடங்கு வலுவாகச் சுருக்கும். இரத்தக் குழாய்ச் சுவர்களைக் கசியவைத்துத் திசுவை வீங்கச் செய்யும். கோழையைப் பெருக்கும். ஈசினோபில் என்ற வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு அழைத்துவரும். அந்த ஈசினோபில்களோ வந்ததும் இன்னும் லூக்கோட்ரையீனைச் சுரக்கும்.

வலி மாத்திரை முதல் நொதியை முடக்குகிறது. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலில் பாயும், அதனால்தான் லூக்கோட்ரையீன் பெருகுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது முழு விளக்கம் ஆகாது. அப்படியானால் மாத்திரை விழுங்குகிற எல்லாருக்கும் அல்லவா மூச்சு முட்ட வேண்டும்? முதல் நொதி தயாரிக்கும் பொருள்களில் புரோஸ்டகிளாண்டின் ஈ2 என்று ஒன்று உண்டு. அழற்சிப் பொருள்களைத் தேக்கி வைத்திருக்கும் மாஸ்ட் செல்களையும் ஈசினோபில்களையும் அடக்கி வைப்பதும், லூக்கோட்ரையீன் உற்பத்தியை மட்டுப்படுத்துவதும் அதன் வேலை. இந்த நோயாளிகளின் மூச்சுப்பாதையில் அது முன்பே குறைவு. இருப்பதற்குச் செவிசாய்க்கும் ஏற்பிகளும் குறைவு. இன்னொரு பக்கம் லூக்கோட்ரையீன் தயாரிக்கும் நொதி மிகுதி. இரத்தத் தட்டணுக்கள்கூட வெள்ளணுக்களோடு ஒட்டிக்கொண்டு அந்தத் தயாரிப்புக்கு உதவுகின்றன. ஆக, மிச்சமிருக்கும் கொஞ்சம் ஈ2-ஐயும் மாத்திரை பறித்துவிட்டால் மாஸ்ட் செல்கள் கட்டவிழ்ந்துவிடுகின்றன. அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் மூக்கும் மார்பும் அதை அறிவிக்கின்றன.

உங்கள் பதிலில் விடுபட்டது இங்கேதான் இருக்கிறது. இந்த நோயாளிகளின் சிறுநீரில் லூக்கோட்ரையீன் ஈ4 என்ற கழிவுப்பொருளை அளந்து பார்த்திருக்கிறார்கள். மாத்திரை விழுங்கியதும் அது சரேலென்று ஏறுகிறது. வியப்பில்லை. ஆனால் ஆஸ்பிரினைத் தொடாத சாதாரண நாளிலும் மற்ற ஆஸ்துமா நோயாளிகளைவிட இவர்களுக்கு அது பொதுவாக அதிகமாகவே இருக்கிறது. மாத்திரை நெருப்பை மூட்டுவதில்லை, எரிகிற நெருப்பைக் கொழுந்துவிடச் செய்கிறது. மாத்திரையைத் தவிர்க்கிறவர் அந்தப் பெரும் தாக்குதலைத் தவிர்க்கிறார். அன்றாட அழற்சி அப்படியேதான் இருக்கும். சதை வளர்ந்துகொண்டே இருக்கும், ஆஸ்துமாவும் இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்தே வருவதைப் பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் 1922-இல் விவரித்தார். உலகம் அதை மறந்துபோனது. 1968-இல் மாக்ஸ் சாம்ட்டரும் ரோலண்ட் பீர்ஸும் மறுபடி எழுதினார்கள், பெயர் சாம்ட்டருக்குப் போனது. ஆஸ்பிரின் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள்தாம் இந்த நோயாளிகளுக்கு இளைப்பை உண்டாக்குகின்றன, தடுக்காதவை உண்டாக்குவதில்லை என்று போலந்தின் ஆந்த்ரே ஷ்செக்லிக் குழுவினர் 1975-இல் காட்டினார்கள். வேனுக்கும், லூக்கோட்ரையீன்களின் அமைப்பை வெளிப்படுத்திய சாமுவெல்சனுக்கும், புரோஸ்டகிளாண்டின்களைப் பிரித்தெடுத்த பெர்க்ஸ்ட்ரோமுக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஆஸ்பிரினை மட்டும் தவிர்த்தால் போதும் என்று அந்த வாசகர் நினைத்துக்கொண்டால் அடுத்த பல்வலியில் என்னைப் போலவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார். அவர் தவிர்க்க வேண்டியவை: ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், கீட்டோரோலாக், இண்டோமெத்தசின், பைராக்சிகாம், மாதவிடாய் வலிக்குப் பெண்கள் எடுத்துக்கொள்ளும் மெஃபனமிக் அமிலம், இந்த வகையைச் சேர்ந்த மற்ற வலி மருந்துகள். மாத்திரையாக விழுங்கினாலும் ஊசியாகப் போட்டாலும் ஒன்றுதான். கண் அறுவை சிகிச்சைக்குப் பின் விடும் சில சொட்டு மருந்துகளிலும் கீட்டோரோலாக்கோ டைக்ளோஃபெனாக்கோ இருக்கும், கண்ணில் விட்டாலும் இளைப்பு வரலாம். சளிக்கும் உடல்வலிக்கும் விற்கப்படும் கூட்டு மாத்திரைகளின் அட்டையைத் திருப்பி மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும், முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது வணிகப் பெயர் மட்டுமே. பாரசிட்டமால் 500 மில்லிகிராம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. ஒரே வேளையில் 1000 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் சிலருக்கு இலேசான இளைப்பு வருவதுண்டு. இரண்டாம் வகை சைக்ளோஆக்சிஜனேஸை மட்டும் குறிவைக்கும் செலகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்றவை பெரும்பாலோருக்குப் பாதகமில்லை, ஆனாலும் முதல் வேளையை மருத்துவரின் பார்வையில் எடுத்துக்கொள்வது நல்லது.

இதைப் படித்துவிட்டு ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லாரும் பதற வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினருக்கும், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கும்தான் இந்த நோய் இருக்கிறது. சிறு குழந்தைகளிடம் அரிது. முக்கியமாக, மாரடைப்புக்குப் பிறகு தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பவர்கள் என் கடிதத்தைக் காரணம் காட்டி அதை நிறுத்திவிட வேண்டாம். ஐயம் இருந்தால் உறுதிசெய்யும் முக்கிய வழி இது: மருத்துவமனையில், கண்காணிப்பில், மிகச் சிறிய அளவில் தொடங்கி மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது. வீட்டில் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். மூக்கை ஒருவர் பார்க்கிறார், நுரையீரலை இன்னொருவர் பார்க்கிறார், பல்லை மூன்றாமவர் பார்க்கிறார். மூவரும் நல்லவர்கள், திறமைசாலிகள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை. நோயாளியும் தன் பங்குக்கு நீல நிற இன்ஹேலரை மட்டும் இழுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். அது சுருங்கிய தசையைச் சற்று நேரம் தளர்த்தும், சவ்வின் வீக்கத்தை அது தொடுவதேயில்லை. வீக்கத்தைக் குறைப்பது நாள்தோறும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரும், மூக்குக்கான ஸ்டீராய்டு மருந்தும்தான். ‘இன்றைக்கு மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு மருந்து?’ என்று அதை நிறுத்துகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் சிறுநீரில் அந்த லூக்கோட்ரையீன் ஈ4 அதிகமாகவே இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை செய்து சதையை எடுத்தால் மூக்கு திறக்கிறது. எனக்கும் எடுத்தார்கள், மீண்டும் வளர்ந்தது. இந்த நோயில் மற்ற மூக்குச் சதை நோயாளிகளைவிட அது திரும்ப வளர்வது அதிகம். வெட்டியது விளைந்ததைத்தானே, விளைவிப்பது அங்கேயே இருக்கிறது. லூக்கோட்ரையீன் செல்லில் பற்றும் இடத்தை மறிக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை சிலருக்கு உதவுகிறது, எனக்கு ஓரளவு உதவுகிறது. தூக்கத்திலோ மனநிலையிலோ மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மருந்து அது. இன்டர்லூக்கின் போன்ற அழற்சித் தூதுப்பொருள்களைக் குறிவைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது இருக்கின்றன. டூபிலுமாப் ஊசியால் சதை சுருங்கி மணம் திரும்பியவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட விந்தையானது ஆஸ்பிரினையே மருந்தாகத் தரும் முறை. அனுபவமுள்ள மருத்துவர்களின் கண்காணிப்பில் மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, 325 மில்லிகிராம் வரை உடலைப் பழக்குகிறார்கள். பிறகு நாள்தோறும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தொடர்கிறவர்களில் பலருக்குச் சதை வளர்வது மெதுவாகிறது, மணமும் மூச்சும் மேம்படுகின்றன. சில நாள்கள் விட்டால் பழகியது போய்விடும், மறுபடி விழுங்கினால் பழைய தாக்குதலே வரலாம். வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு. எனக்கு இரைப்பைப் புண் இருந்ததால் மருத்துவர் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே அந்த வாசகருக்குத் தெரியாது. ‘தவிர்த்துவிடுங்கள்’ என்று முடிக்கப்பட்ட பதிலிலிருந்து எப்படித் தெரியும்? தமக்குள்ள மூன்று தொல்லைகளும் ஒரே நோய் என்று அறிந்தவர்தானே அதற்குரிய மருத்துவரைத் தேடிப் போவார்.

நான் ஒரு சிறு அட்டையில் நோயின் பெயரையும், ஆகாத மருந்துகளையும், ஆகும் மருந்துகளையும் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ‘மருந்து அலர்ஜி உண்டா?’ என்று மருத்துவமனைப் படிவத்தில் கேட்கும் இடத்தில் ‘ஆஸ்பிரின்’ என்று மட்டும் எழுதாமல் ‘ஆஸ்பிரின் வகை வலி மருந்துகள் அனைத்தும், ஆஸ்துமா, மூக்குச் சதை’ என்று முழுமையாக எழுதுகிறேன். கட்டத்துக்குள் அடங்காது. ஓரத்தில் எழுதுவேன்.

வாசகர் கடிதப் பகுதிக்கு இது நீளம் என்று தெரியும். வெட்டுவதானால் விடாலிலிருந்து நோபல் பரிசு வரையிலான பத்தியைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், என் ஆய்வகக் கதையையும் எடுத்துவிடலாம். மருந்துப் பெயர்கள் உள்ள பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தப் பெயரைத்தான் யாராவது நம்பி விழுங்குவார்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பத்தியை ஒரு மருந்தாளுநரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை